ரேடியேற்றருக்குப் பழப்புளி

எங்கள் உழவு இயந்திரத்துக்கு எந்த வியாதியும் இருக்கவில்லை. நான்தான் அதைச் சேர்விஸ் செய்தேன்.

புரட்டாதி முடிகிற நேரம். கண்டாவளைப் பக்கத்தில் அந்த நாட்களில் எல்லோரும் நிலத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு திரிவார்கள். மழை விழமுன்னர் காய்ந்த மண்ணை உழுது, காய்ந்த நெல்லை விதைத்து, மேலால் ஒருதரம் இழுத்து மூடிவிட வேண்டும். புழுதி விதைப்பு என்பது இதுதான். மழை முந்திவிட்டால் எங்கள் களிமண்ணின் குணம் மாறிவிடும். சின்ன இயந்திரம் என்றால் வயிறுவரை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். பிறகு பெரிய இயந்திரக்காரர்களின் வாசற்படலையில் போய் நிற்க வேண்டும், ஊரெல்லாம் விதைத்தபின் விதைக்க வேண்டும், ஊரெல்லாம் வெட்டியபின் நிற்கிற அந்த ஒற்றை வயலுக்குக் கிளி, எலி, பூச்சி எல்லாம் குடும்பத்தோடு விருந்துக்கு வரும்.

வயல் என்னுடையது அல்ல. அக்காவுடையது. அத்தான் காலமானபின் அந்த இரண்டு ஏக்கரையும் அக்காவே செய்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, “வயலை விட்டிட்டு இஞ்ச வாங்கோ அம்மா” என்று தொலைபேசியில் மன்றாடுவார்கள். “அங்க வந்து என்னத்தை உழுறது? உங்கட கம்பளத்தையோ?” என்று அக்கா கேட்பார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன். அக்காவின் வளவின் மறுகரையில் ஒரு சின்ன வீட்டில், புத்தகங்களோடும் கறையானோடும் இருக்கிறேன். வயல்வேலையில் என் பங்கு, கரையில் நின்று கருத்துச் சொல்வது.

இந்த வருடம் அது போதாது என்று எனக்கே தோன்றியது. இவ்வளவு காலமும் அக்காவின் வயலை உழுது தந்தவர் பரந்தன் பக்கத்துப் பெரிய இயந்திரக்காரர். அவர் நாள் குறிக்க வந்தபோது அக்கா குசினிக்குள் நின்றார். நான் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தேன். “இனித் தேவைப்படாது அண்ணை. எங்களிட்டச் சொந்தமாவே கிடக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போது காலுக்கு மேல் கால் போட்டிருந்தேன் என்பதை அக்கா பிற்பாடு எல்லோரிடமும் குறிப்பாகச் சொன்னார்.

சொந்தமாகக் கிடந்தது, யப்பானில் யாரோ ஒரு பெரியவர் தன் தோட்டத்தில் ஓட்டி முடித்து, கப்பலில் ஏற்றி விட்ட சின்ன உழவு இயந்திரம். பின்னால் மண்ணைக் கிண்டிப் பொடியாக்கும் ரோட்டரி. உடம்பெங்கும் யப்பான் எழுத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். என்னென்ன செய்யக்கூடாது என்று அவற்றில் விபரமாக எழுதியிருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதபடியால், வளவுத் தோட்டத்தைக் கிண்டுகிறபோது நாங்கள் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தோம், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்கு அது இன்னும் இறங்கியதில்லை.

உழவு தொடங்கமுன் அதைச் சேர்விஸ் செய்வதென்று நான் முடிவெடுத்தேன். தொலைபேசியில் இரண்டு வீடியோ பார்த்தேன். ஒயில் மாற்றினேன். ஒயில் வடிகட்டியை மாற்றினேன். இரண்டும் சரியாக வந்தன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் படையெடுப்புகள் எல்லாம் இரண்டாவது வெற்றிக்குப் பிறகுதான் நாசமாகியிருக்கின்றன என்பதை வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்கு, என் முற்றத்தில் அது ஞாபகம் வரவில்லை. ரேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிகிற அதே படிவு, ரேடியேற்றருக்குள் துருவோடு சேர்ந்து ஒரு காவியாய்க் கனத்துக் கிடந்தது. அதை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிமிர்ந்தேன். கிணற்றடியில் அக்கா நவராத்திரிக்காகக் குத்துவிளக்குகளைப் பழப்புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். கறுத்துக் கிடந்த பித்தளை, கை பட்ட இடமெல்லாம் பொன்னாய் வெளித்துக்கொண்டு வந்தது.

ரேடியேற்றரும் செம்பும் பித்தளையும்தானே?

இதைவிடத் தெளிவான தர்க்கம் என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றியதில்லை. குசினியில் இருந்து ஒரு பெரிய உருண்டைப் பழப்புளியை எடுத்துவந்து வாளியில் கரைத்து, கோது, கொட்டை எல்லாம் போக ஒரு பழைய சீலைத் துண்டால் வடித்து ஊற்றினேன். சுத்தத்தில் நான் குறைவைக்கவில்லை. இயந்திரத்தைக் கொஞ்சநேரம் ஓடவிட்டேன். வளவெல்லாம் ஒரு மணம் எழும்பியது. பக்கத்துத் தெருவில் போனவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “இண்டைக்கு என்ன மீன்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு கீழே திருகைக் கழற்றினேன். கறுப்பாய், தடிப்பாய், துண்டு துண்டாய் எல்லாம் வந்து கொட்டியது. நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் விளக்கு மாதிரி மினுங்கியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்ர புளியோ?” என்றார் அக்கா. மினுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தநாள் இயந்திரம் வயலுக்கு இறங்கியது. முதலாவது வரிசை முடியவில்லை, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குள் போய்ப் படுத்துவிட்டது. மூக்கால் ஆவி. அடியால் ஒழுக்கு. நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். அக்கா வரம்பில் நின்று வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் நல்லாயிருந்தது.

இயந்திரத்தை வளவுக்கு இழுத்துவந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். தர்மபுரத்துக்காரர். உரத்த குரல், அதைவிட உரத்த மோட்டார்ச் சைக்கிள். எதையும் தொடமுன்னரே முடிவு சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். இயந்திரத்தில் இருந்து பத்தடி தள்ளி நின்றே, “எஞ்சின் ஹெட் போயிட்டுது சேர்” என்றார்.

“ஹெட்டோ?”

“சந்தேகமே வேண்டாம். இந்தச் சத்தத்துக்கு ஹெட்தான்.”

“இப்ப சத்தமே இல்லையே, நிப்பாட்டியெல்லோ கிடக்கு.”

“அதுதான் சொல்லுறன். ஹெட் போனாத்தான் இப்பிடி அமைதியா நிக்கும்.”

அவர் கிட்ட வந்து குனிந்து, ஹெட்டைக் கழற்றுவதற்குச் சாவிகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, ரேடியேற்றருக்குத் தண்ணீர் தள்ளுகிற வோட்டர் பம்மில் இருந்து சொட்டுச் சொட்டாய் அவருடைய பாதத்திலேயே விழுந்தது. அவர் பாதத்தைப் பார்த்தார். பம்மைப் பார்த்தார். “நான் முதலே யோசிச்சனான், பம்மாத்தான் இருக்குமெண்டு” என்று சொல்லிவிட்டு விரலில் நனைத்து மோந்து பார்த்தார்.

“சேர், இதுக்க என்ன விட்டனீங்கள்?”

நான் விளக்கினேன். செம்பு, பித்தளை, குத்துவிளக்கு, தர்க்கம்.

அவர் நிலத்தில் குந்தி இருந்து, சாரத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் இரண்டும் குலுங்கின. “அக்கா, இஞ்ச வாங்கோ! சேர் குழம்பு வைச்சிருக்கிறார். வெந்தயம் போட மறந்திட்டார்!”

பம்மைக் கழற்றினால், தண்ணீரைச் சுற்றித் தள்ளுகிற உள்காத்தாடி அப்பளத்தின் தடிப்பில் இருந்தது. இரண்டு இலை இல்லவேயில்லை. வருடக்கணக்காகப் படிந்த படிவுதான் அதைச் சுற்றி ஒரு சுவராக நின்று, ஒழுக்கையும் அடைத்து வைத்திருந்தது. நான் அந்தச் சுவரைக் கரைத்துவிட்டேன். அழுக்கு என்று நினைத்ததுதான் அதன் உறுதியான பாகமாக இருந்திருக்கிறது. சில குடும்பங்களும் அப்படித்தான் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் நின்றார்.

“வேற பம் போடவேணும்” என்றார் மெக்கானிக். “இந்த மொடல் இஞ்ச கனக்க வரேல்லை. ஆனால் ஒண்டு...” என்று இழுத்துக்கொண்டு அவர் வடக்கு வேலிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அங்கால பாக்கத் தேவையில்லை” என்றார் அக்கா.

வேலிக்கு அங்கால் ஒரு வேப்பமரம். அதன் கீழ், எங்கள் இயந்திரத்தோடு கூடப்பிறந்தது மாதிரி, அதே நிறம், அதே மூஞ்சி, அதே மஞ்சள் ஒட்டுத்தாள்களோடு இன்னொரு இயந்திரம் நின்றது. அது மச்சானுடையது. எங்கள் மாமியின் மகன். அவர்தான் முதலில் வாங்கினார். அவர் வாங்கியதை வேலியால் பார்த்த அன்றைக்கே அக்கா, “உதே மாதிரி வேணும். ஆனா உதைவிட நல்லதா” என்று சொல்லி என்னை அனுப்பினார். சென்ற போகத்தோடு மச்சானின் இயந்திரத்துக்குக் கியர் உடைந்து, அது மரத்தடியில் கோழிகளுக்குக் குடையாக நிற்கிறது. கியர்தான் போனது. பம் நல்ல திறம். இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், கோழிகளுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் மச்சானோடு எங்களுக்குக் கதை இல்லை.

காரணம் வரம்பு. அவருடைய வயலும் அக்காவின் வயலும் பக்கத்துப் பக்கத்து வயல்கள். ஒவ்வொரு வருடமும் அவர் மண்வெட்டியால் வரம்பைத் தன் பக்கத்தில் ஒரு விரற்கடை செதுக்குகிறார் என்பது அக்காவின் கட்சி. அக்காதான் செதுக்குகிறார் என்பது அவருடைய கட்சி. இரண்டும் உண்மை. இருவரும் செதுக்கிச் செதுக்கி, இப்போது அந்த வரம்பில் ஒரு தவளை போவதென்றாலும் கை இரண்டையும் விரித்துச் சமநிலை பார்த்துத்தான் போக வேண்டும். எனக்கும் மச்சானுக்கும் தனிப்பட்ட கோபம் ஏதும் இல்லை. சின்னவயதில் ஒரே சைக்கிளில் திரிந்தவர்கள். ஆனால் அக்கா கதைக்காத ஆளோடு நான் எப்படிக் கதைப்பது? தேத்தண்ணிக் கடையில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரில் இருக்கிற சாமிப்படத்தைப் பார்ப்போம். அந்தக் கடைக்காரர் எங்களை ஊரிலேயே பக்தி கூடிய இருவர் என்று நினைத்திருக்கிறார்.

ஆகவே வேலிக்கு அங்கால் கிடந்த சாமானைத் தேடி நான் கிளிநொச்சிக்குப் போனேன்.

பழைய சாமான் வாங்கப் போகிறவன் உடைந்ததைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது விதி. பெயர், மொடல், இலக்கம் ஒன்றையும் எந்தக் கடைக்காரரும் நம்பமாட்டார். நான் பம்மை ஒரு சொப்பிங் பாக்கில் போட்டுக்கொண்டு கடைகடையாக ஏறினேன். ஒருவர் அதைக் கையில் வாங்கி நிறை பார்த்து, தேங்காய் தட்டுவதுபோலத் தட்டி, “இல்லை” என்றார். அடுத்தவர் சீனப் பம் ஒன்றைத் தூக்கி வைத்து, “இது கிட்டத்தட்டப் பொருந்தும். ரெண்டு ஓட்டையை அங்கால தள்ளினாச் சரி” என்றார். பம்மின் ஓட்டையையா, இயந்திரத்தின் ஓட்டையையா என்று கேட்டேன். “எது லேசோ அது” என்றார்.

பிறகு வவுனியா பஸ். மடியில் பம். முறிகண்டி தாண்டியதும் பாக்கின் அடியால் ஒரு காவித் தண்ணீர் ஊறி என் வெள்ளைக் காற்சட்டையில் இறங்கியது. கொண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயா, கறி கொண்டு போறதெண்டா மூடிபோட்ட ஏனத்தில கொண்டு வரவேணும்.”

“இது கறியில்லைத் தம்பி. வோட்டர் பம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, “பாவம், வயசுபோனாப்போல இப்பிடித்தான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஐம்பத்தைந்தே ஆகவில்லை.

வவுனியாவில், யப்பான் இயந்திரங்களைக் கழற்றி விற்கிற பெரிய வளவொன்று. நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் நானா. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, இடம்பெயர்ந்து, வவுனியாவில் வியாபாரியாகிவிட்டவர். எங்கள் இரண்டு இயந்திரங்களும் இவருடைய வளவில் இருந்து வந்தவைதான். நான் பாக்கைத் திறந்ததும் அவர் முதலில் மோந்தார்.

“என்ன சேர் இது, சட்டிக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வந்தீங்களா?”

தர்க்கத்தை மறுபடி விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் திரும்பி, உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டு, “டேய் இஞ்ச வா, சேர் சொல்லுறதை ஒருக்காக் கேள்” என்று சொல்லி, என்னை மூன்றாம் தரமும் விளக்கவைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தேத்தண்ணி வந்தது. சிரிக்க வைத்தவனுக்கு அந்த மரியாதை உண்டு.

“சேர், இந்த மொடல்ல எனக்கு வந்தது ரெண்டே ரெண்டு. ஒண்டு நீங்க எடுத்தீங்க. மத்தது உங்க ஊர்லதான் இருக்கு. பெரிய மீசைக்காரர். கியர் கேட்டு நேத்தும் போன் எடுத்தார்.”

“அவரைத் தெரியும்.”

“தெரியுமா? அப்ப ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க? அவர்ட கேட்டா முடிஞ்சுதே!”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். நானா என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். “வரம்பா, கலியாண வீடா?”

“வரம்பு” என்றேன்.

“எங்கட வாப்பாவும் அவர்ட தம்பியும் ஒரு தென்னைமரத்துக்காகப் பேசாம இருந்தாங்க. மரம் இடிவிழுந்து செத்துப்போச்சு. அதுக்குப் பிறகும் பேசல்ல.” அவர் பம்மை மறுபடி பாக்கில் போட்டு, இன்னொரு பாக்கால் சுற்றி, என் கையில் தந்தார். “போய்க் கேளுங்க சேர். மழை வருது.”

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போது கிழக்கில் கருக்கட்டியிருந்தது. ஊரில் அநேகமாக எல்லோரும் விதைத்து மூடிவிட்டார்கள். விதைக்காமல் கிடந்தவை இரண்டு வயல்கள்தான்: வரம்புக்கு இந்தப் பக்கம் அக்காவுடையது, அந்தப் பக்கம் மச்சானுடையது. அக்கா விதைநெல் மூட்டைகளை விறாந்தையில் அடுக்கி, அவற்றுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பரந்தன்காரரைக் கேட்டுப் பார்த்தாராம். அவர், “சொந்தமாக் கிடக்கெண்டு வாத்தியார் சொன்னவரெல்லோ?” என்றாராம். காலுக்கு மேல் கால் போட்டதையும் ஞாபகம் வைத்திருந்தாராம்.

“பம் எங்க?” என்றார் அக்கா.

நான் வேலிப் பக்கம் பார்த்தேன். இந்தமுறை, பார்க்கத் தேவையில்லை என்று அக்கா சொல்லவில்லை. நெல் மூட்டையின் தையல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, “மெக்கானிக்கைக் கூப்பிடு” என்றார்.

எங்கள் பக்கத்தில் கோபம் என்றால் கதைதான் நிற்கும். சொல்ல வேண்டியது நிற்காது. மாட்டுக்குச் சொல்வார்கள், நாய்க்குச் சொல்வார்கள், வேலிக்குச் சொல்வார்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். அடுத்தநாள் காலையில் மெக்கானிக் வந்து, எங்கள் இயந்திரத்தை வேலியோரம் தள்ளி நிறுத்தினார். கொஞ்சநேரத்தில் மச்சான் அங்கால் வந்து நின்றார். மடித்துக் கட்டிய சாரம், வாயில் வேப்பங்குச்சி, மீசை. எங்களை அவர் பார்க்கவில்லை. எங்கள் இயந்திரத்தைத்தான் பார்த்தார்.

“என்ன பிள்ளை, உனக்குப் புளி பருக்கினவையாம்?” என்று அதனிடம் கேட்டார்.

அக்கா இயந்திரத்தின் மற்றப் பக்கத்தில் வந்து நின்றார். “எங்கட வீட்டில புளி கிடந்துது, பருக்கினம்” என்று அதற்குச் சொன்னார். “சில வீடுகளில கியரை உடைச்சுப்போட்டு, கோழி அடைச்சு வைச்சிருக்கினம். நீ குடுத்து வைச்சனீ.”

இயந்திரம் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

“பம் தரலாம்” என்று மச்சான் மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். “ஆனா என்ர பம் போற இடத்துக்கு நானும் போவன். நான்தான் ஓட்டுவன். வாத்தியார் ஏறக்கூடாது. நாளைக்கு அதுக்கயும் மிளகுதூள் போட்டாலும் போடுவார்.”

“அக்கா, கேட்டுதோ?” என்றார் மெக்கானிக்.

“எனக்கென்ன காது செவிடே? அந்தாளின்ர வயலும் உழாமக் கிடக்கு. பம்முக்குப் பதில் எங்கட மிசினால அதையும் உழட்டும். அந்தாளின்ரயை முதல் உழச்சொல்லு. நான் ஒருத்தருக்கும் நன்றிக்கடன் படமாட்டன்.”

கிழக்கே மின்னியது.

“மிசின் அவையின்ர. அவையின்ரதான் முதல்” என்றார் மச்சான், வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு. “நானும் ஒருத்தரின்ர நன்றியையும் தலையில வைச்சுக்கொண்டு திரியமாட்டன்.”

“பம் அந்தாளின்ர. அதுதான் முதல்.”

“இல்லை, அவையின்ரதான்.”

“தம்பி, சொல்லு, அந்தாளின்ரதான்.”

உலகத்தில் மனிதர்கள் தங்கள் வயலை முதலில் உழவேண்டும் என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். எதிரியின் வயலைத்தான் முதலில் உழவேண்டும் என்று இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை பிடித்ததை நான் வாசித்த எந்த வரலாற்றிலும் காணவில்லை. நான் ஒரு சமரசம் சொல்ல வாயெடுத்தேன். “நீ புளிக்காரன், பேசாம இரு” என்றார் அக்கா. அந்த ஒன்றில் மட்டும் மச்சான் தலையாட்டினார்.

“அக்கா, அண்ணை, எனக்கு அங்காலயும் வேலை கிடக்கு” என்று மெக்கானிக் கத்தினார். “செத்தவீடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்காமல் ஒரு முடிவைச் சொல்லுங்கோ. வானத்தைப் பாருங்கோ!”

மச்சான் போய், வேப்பமரத்தடியில் கோழிகளைக் கலைத்துவிட்டு, தன் இயந்திரத்தின் பம்மைக் கழற்றத் தொடங்கினார். மெக்கானிக் ஓடினார். நான் ஒரு கோப்பைத் தட்டில் திருகாணிகளை ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவ்வளவுக்குத்தான் எனக்கு அனுமதி இருந்தது. ஒழுகாமல் இருக்கப் புதுப் பசைத்தாள் வெட்டி வைத்து, பம்மைப் பூட்டி, தண்ணீர் நிரப்பினார்கள். தண்ணீர் விடுமுன் மெக்கானிக் வாளியை மோந்து பார்த்தார். தேவையில்லாத செயல்.

யாருடைய வயல் முதல் என்ற வழக்கை மச்சான் வயலில் போய்த் தீர்த்தார். அக்காவின் வயலின் தெற்கு மூலையில் இயந்திரத்தை இறக்கி, ரோட்டரியைத் தாழ்த்தி, நேரே வடக்கு நோக்கி ஓட்டினார். வரம்பு வந்ததும் எல்லோரும் திருப்புவதுபோலத் திருப்பவில்லை. ரோட்டரியை ஒருதரம் தூக்கி, வரம்புக்கு மேலால் ஏறி இறங்கி, அங்கால் தாழ்த்தி, தன் வயலின் மறுமுனைவரை ஒரே இழுவையாக இழுத்தார். பிறகு அதேபோலத் திரும்பி வந்தார். இப்படி, இரண்டு வயலும் ஒரே வயல்போல, ஒன்றும் முதல் இல்லை, ஒன்றும் பிறகு இல்லை. ரயர் ஏறி இறங்கி ஏறி இறங்கி, வரம்பு இருந்த இடம் மெல்ல மெல்ல ஒரு தடிப்பு மாதிரித்தான் தெரிந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா சூடு காட்டுகிற முள்ளைத்தான் பார்ப்பதுபோல இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பொழுதுபடும்வரை உழுது, அடுத்தநாள் காலையில் அக்கா தன் பக்கத்திலும் மச்சான் தன் பக்கத்திலும் விதைத்தார்கள். விதைக்கும்போது இருவரும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் நடந்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்காமலே. பிறகு மச்சான் மறுபடி ஏறி, விதையை மூடுகிற இழுவையைத் தொடங்கினார். இந்த இழுவை முடிந்தால் மழை எப்போதும் வரலாம். முடியமுன் வந்தால், மேலே கிடக்கிற நெல் வெள்ளத்தோடு போய் வாய்க்காலில் முளைக்கும்.

பின்னேரம் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வரிசை மிச்சம் இருக்கும்போது, மச்சானுக்குக் கை சோர்ந்து நடுங்குவதைக் கண்டேன். அவர் இயந்திரத்தை ஓடவிட்டபடியே நிறுத்தி இறங்கி, வாய்க்கால் கட்டில் வந்து இருந்தார். அங்கே அக்கா கேத்தலோடும் கோப்பைகளோடும் நின்றார். இருவருக்கும் இடையில் நான்.

“தேத்தண்ணி கிடக்கெண்டு சொல்லு, தம்பி” என்றார் அக்கா.

“தேத்தண்ணி கிடக்காம்” என்றேன். கோப்பைக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழத் தூரம்கூட இல்லை.

“சீனி போடவேண்டாமெண்டு சொல்லு, வாத்தி” என்றார் மச்சான், வயலைப் பார்த்துக்கொண்டு. “சுகர்.”

நான் வாயைத் திறக்கமுன்னர் அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“சுகரோ? எப்ப தொடக்கம்?”

நேரே அவருடைய முகத்தைப் பார்த்து. என்னையும் தாண்டி, அத்தனை வருடங்களையும் தாண்டி.

மச்சான் திடுக்கிட்டுத் திரும்பினார். “மாசி தொடக்கம்” என்றார், குழந்தைப்பிள்ளை மாதிரி.

“மாசி தொடக்கமோ? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே! கை நடுங்குதெல்லே? காலமை என்ன சாப்பிட்டனீ?”

“ரெண்டு இடியப்பம்.”

“ரெண்டு இடியப்பத்தோட விடிய வந்து வயல் உழுறியோ? உனக்கு விசரே? என்ன குளிசை தந்தவங்கள்? எனக்குத் தாறது வெள்ளை. உனக்கென்ன நிறம்?”

“உனக்கும் சுகரோ?”

“நாலு வருசமா.”

“எனக்கொருத்தரும் சொல்லேல்லை.”

“ஆர் சொல்லுறது? நீதான் கதைக்கிறேல்லையே.”

“நானோ கதைக்கிறேல்லை?”

ஒரு கணம் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வரம்பைவிடச் சுகர் பெரிய விடயம். பாகற்காய்ச் சாறு வெறும் வயிற்றிலா, சாப்பிட்டபிறகா என்ற இடத்துக்குப் போய்விட்டார்கள். கிழக்கில் கருமுகில் பாதி வானத்தை ஏறிவிட்டது. காற்று மாறி மண்மணம் வந்தது. இயந்திரம் ஆளில்லாமல் தடதடத்துக்கொண்டு நின்றது.

“மழை வருது” என்றேன்.

இருவருக்கும் கேட்கவில்லை.

“மச்சான், மழை!”

அவர் என் பக்கம் திரும்பாமலே கையை வீசினார். “போய் முடியன் வாத்தி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிக்கிறதோ, வறுத்தோ?” பின்பாதி அக்காவுக்கு.

ஏறினேன். ஒரு கண் சூட்டு முள்ளில், ஒரு கண் முகிலில். வயலைப் பார்க்க மூன்றாவது கண் இல்லாத குறையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். வரிசைகள் நேராக வரவில்லை. ஓரிடத்தில் அநியாயமாக இரண்டுதரம் இழுத்தேன், ஓரிடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து இழுத்தேன். முள் நடுவில் அசையாமல் நின்றது. கடைசி வரிசையில் ரோட்டரி நெல்லை மண்ணுக்குள் மடித்துக்கொண்டு வரும்போது முதல் துளி என் கையில் விழுந்தது. அடுத்தது வழுக்கையில். வாய்க்கால் கட்டில் ஏறி நிறுத்தியபோது மழை இரைந்துகொண்டு இறங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வயலிலும் ஒரு நெல் மணியும் வெளியே தெரியவில்லை.

நனைந்து ஒழுக ஒழுக, வயலை ஒட்டிய மச்சானின் வளவுக்குள், வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அங்கே மச்சானின் செத்த இயந்திரத்தின் கூரைக்குக் கீழ், கோழிகளோடு, இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

“முடிஞ்சுது அக்கா” என்றேன். “முழுக்க மூடியாச்சு. ஒரு மணி வெளியில இல்லை.”

அக்கா வயலைப் பார்க்கவில்லை. தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, மச்சானின் பக்கம் குனிந்து, மழைச் சத்தத்துக்கு மேலால், “அதை விடு, காலமை வெறும் வயித்தில பாத்தா எவ்வளவு காட்டுது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.